விருதுக் கடிதம்



பேச்சுக்குத் தலைப்புக் கேட்டபோது 'அமெரிக்க உயர்கல்வி நிதிச் சட்டங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழைப் பார்த்த என் மனைவி, "நாற்காலிகள்தான் கேட்கும்" என்றாள். இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்கள், மீதிப் பேர் அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்கள் என்று நினைக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போகும் பணத்தில் உங்கள் பிள்ளைக்கு ஒரு காசு கிடையாது. மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த நாட்டு ஃபெடரல் அரசின் உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டும்தான். நம் பிள்ளைகள் இங்கே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். எழுந்து போக நினைப்பவர்கள் இப்போதே போகலாம். (சிரிப்பு)

என் தங்கை குடும்பம் ஓஹியோவில் இருக்கிறது. உறவுமுறையில் கிரீன் கார்டு கிடைத்துப் போனவர்கள். மென்பொருள் வேலையெல்லாம் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட், தங்கை ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது ஒரு கடிதம் வந்தது. அதன் பெயர் 'அவார்டு லெட்டர்'. விருதுக் கடிதம். தங்கை அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "அண்ணா, கட்ட வேண்டிய மீதி பூஜ்யம்னு போட்டிருக்கு, முழுசும் ஸ்காலர்ஷிப்பா?" என்று கேட்டாள்.

அந்த ஆண்டுக்கு மொத்தச் செலவு 26,000 டாலர். அதற்கு நேரே வரிசையாக 'விருதுகள்'. ஃபெடரல் அரசு தரும் பெல் மானியம் 2,100. கல்லூரியே தரும் தள்ளுபடி 3,900. வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்கக்கூடியது 2,500. மாணவி பெயரில் ஃபெடரல் கடன், இரண்டு வகையாகச் சேர்த்து 5,500. கடைசி வரியில் பெற்றோர் பெயரில் கடன் 12,000. கூட்டினால் 26,000. மீதி பூஜ்யம். கணக்கில் பிழையே இல்லை. திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு என்று பார்த்தால் ஆறாயிரம். உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு. மற்ற பதினேழாயிரத்து ஐந்நூறும் கடன்.

கடனுக்கு விருது என்று பெயர் வைத்தது அந்த ஒரு கல்லூரியின் குறும்பு அல்ல. நாடு முழுக்க அதுதான் வழக்கமாக இருந்தது. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் இன்று என் பேச்சு. அதற்கு அறுபது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1965 நவம்பர் 8. டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் என்ற சிறிய ஊர். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்காக வாஷிங்டனிலிருந்து அங்கே வந்தார். அது அவர் படித்த கல்லூரி. 1930இல் பட்டம் வாங்கியவர். படிக்கிற காலத்தில் கையில் பணமில்லாமல் வளாகத்தில் எடுபிடி வேலைகள் பார்த்தவர், நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு ஓராண்டு பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு மூடியே இருந்ததைப் பார்த்த நினைவைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்னதன் சாரம் இது: இனி இந்த நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு பள்ளி மாணவன் ஐம்பது மாநிலங்களில் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம், வீட்டில் பணமில்லை என்பதற்காக அவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வியட்நாம் போரை நடத்திய ஜான்சனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சான் மார்கோசில் அவர் பேசியது நாடகம் இல்லை என்றே நம்புகிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கல்வி மாநிலங்களுடையது. நம் ஊரில் 1976இல் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனதைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம். அங்கே பட்டியலே மாறாமல், பணத்தின் வழியாக ஃபெடரல் அரசு உள்ளே வந்தது. 1862இல் லிங்கன் காலத்து மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. ஒவ்வொரு செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் 30,000 ஏக்கர் என்று கணக்கு. அந்த நிலத்தை விற்று வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகள் எழுப்ப வேண்டும். அதெல்லாம் பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிய நிலம் என்பது தனிக் கதை.

1944இல் வந்தது போர்வீரர் சட்டம், ஜி.ஐ. பில். உலகப் போரிலிருந்து திரும்புகிற ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை எங்கே என்ற பயத்தில் பிறந்த சட்டம் அது. கல்லூரிக்குப் போகிற வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், கல்யாணமானவர் என்றால் 75. அன்றைய கட்டணத்துக்கு 500 தாராளம். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் முகாம் ஆகிவிடும் என்று எழுதினார். வந்தவர்களில் பலரோ குடும்பஸ்தர்கள். வகுப்பில் மற்றவர்களைவிடக் கவனமாகப் படித்தார்கள். சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பணத்தில் கல்லூரி பார்த்தார்கள். 1947இல் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். தெற்கு மாநிலங்களின் கறுப்பின வீரர்களுக்கு அதே சட்டம் பெயரளவில்தான் இருந்தது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் குறைவு, விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்த உள்ளூர் அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு சொத்தை இருந்தது. வீரர் கையில் அரசுப் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஊருக்கு நாலு தொழிற்பயிற்சிக் கடைகள் முளைத்தன. போர்டு மாட்டி, பணம் வாங்கி, ஒன்றும் சொல்லித்தராத கடைகள். 1952இல் கொரியப் போர் வீரர்களுக்காக வந்த அடுத்த சட்டத்தில், ஒரு வகுப்பில் உதவிப்பணத்தில் படிப்பவர் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். சொந்தக் காசு கொடுத்துப் படிக்க நூற்றுக்குப் பதினைந்து பேராவது முன்வராத படிப்புக்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். கெட்டிக்காரத்தனமான விதி. இதே சொத்தை பிறகும் வரும், அப்போது சொல்கிறேன்.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். பெயரைப் பாருங்கள், கல்விக்குப் பணம் கேட்கப் பாதுகாப்பைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஃபெடரல் அரசு மாணவர்களுக்குப் பரவலாகக் கடன் கொடுக்கத் தொடங்கியது இதில்தான். வட்டி 3 சதவீதம், ஆண்டுக்கு ஆயிரம் டாலர் வரை. பள்ளி ஆசிரியராகப் போனால் பாதி வரை தள்ளுபடி. இப்படிக் கடன் என்றால் நானும் விருது என்பேன்.

ஆக, ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது எல்லாமே ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அவருடைய சட்டத்தின் நான்காம் பகுதி அவற்றை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு மானியம், வளாக வேலை, கடன். இன்றும் அமெரிக்காவில் கல்லூரி நடத்துகிறவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'டைட்டில் ஃபோர்' என்பார்கள். அதில் தகுதி பெறாவிட்டால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. ஆனால் 1965இல் கடன் என்பது மூன்றாவது பிள்ளை. நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர், எங்கள் கட்டணத்துக்கு வரிச்சலுகை கொடு என்று செனட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். வரிச்சலுகை கஜானாவுக்குக் கட்டுப்படி ஆகாது. அவர்கள் வாயை அடைக்க, வங்கியில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், அரசு ஜாமீன் நிற்கிறது என்றார்கள். ஏழைகளுக்கு மானியம், நடுத்தரத்துக்கு ஜாமீன். இதுதான் அசல் ஏற்பாடு.

இப்போது 1972. என்னைக் கேட்டால் 1965ஐவிட முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரசில் – கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம் – ஒரு பெரிய வழக்கு நடந்தது. பணத்தை யார் கையில் கொடுப்பது?

ஒரு பக்கம் ஒரெகான் மாநிலத்துப் பிரதிநிதி ஈடித் கிரீன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெண்களுக்குக் கல்வியில் பாகுபாடு கூடாது என்று அந்த ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்த புகழ்பெற்ற ஒன்பதாம் பகுதிக்கு வித்திட்டவரும் அவரே. அவர் சொன்னார்: கல்லூரிகளிடம் நேரடியாகக் கொடுங்கள். கட்டடம், ஆசிரியர், நூலகம் எல்லாம் வலுவாக இருந்தால் கட்டணம் குறையும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கல்லூரி நிர்வாகங்கள் எல்லாம் அவர் பின்னால் நின்றன, சொல்ல வேண்டுமா?

இன்னொரு பக்கம் ரோட் ஐலண்டின் செனட்டர் கிளெய்போர்ன் பெல். பரம்பரைப் பணக்காரர், ஆனால் பழைய கோட்டு போட்டுக்கொண்டு திரிவதில் பேர் பெற்றவர். ஜி.ஐ. பில் செய்த வேலையைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அவர் சொன்னார்: மாணவன் கையில் கொடுங்கள். அவன் எந்தக் கல்லூரிக்குப் போகிறானோ அங்கே பணம் போகட்டும். அது அவனுடைய உரிமையாக இருக்கட்டும், கல்லூரி போடும் பிச்சையாக வேண்டாம்.

பெல் ஜெயித்தார். நிக்சன் ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டார். அடிப்படை வாய்ப்பு மானியம் என்று பெயர், 1980இல் அதற்குப் பெல் மானியம் என்று பெயர் மாற்றினார்கள். முதல் ஆண்டில் அதிகபட்சம் 452 டாலர்தான் கிடைத்தது. ஆனால் சீக்கிரமே வளர்ந்தது. எழுபதுகளின் நடுவில், ஓர் அரசுக் கல்லூரியில் நாலாண்டுப் படிப்பில் சேர்ந்த ஏழை மாணவருக்கு அதிகபட்ச பெல் மானியம் கிடைத்தால், கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் அது தாங்கியது. சான் மார்கோசில் கொடுத்த வாக்கு நிறைவேறியதென்றால் அந்தச் சில ஆண்டுகளில்தான்.

மனதளவில் நான் பெல் கட்சிதான். நிர்வாகியிடம் கொடுத்த பணம் பளிங்குத் தரையாக மாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஈடித் கிரீன் பக்கம் நின்று பார்த்தால் எழும் ஒரு கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. மாணவர் கையில் பணம் கொடுத்தால் கல்லூரி கட்டணத்தை ஏற்றாமல் இருக்க என்ன காவல்? சட்டத்தில் ஒன்றும் இல்லை. நுகர்வோரின் கையில் பணத்தை வைத்துவிட்டால் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். நாம் ரேஷன் கடையில் அரிசியையே கொடுக்கிறோம். அரிசிக்குப் பதில் பணத்தைக் கையில் கொடுத்து, அரிசி விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

அடுத்தது கணக்குப் பாடம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்குதான் இருக்கிறது.

பெல் மானியம் உரிமை என்று பேசினார்களே தவிர, அதற்கான பணத்தை ஆண்டுதோறும் காங்கிரஸ் ஒதுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் கமிட்டியில் அது பாதுகாப்புத் துறையோடும் மருத்துவ ஆராய்ச்சியோடும் மல்லுக்கட்ட வேண்டும். பணம் பத்தவில்லை என்றால் மானியத்தின் அளவைக் குறைக்கலாம், பல ஆண்டுகள் குறைத்தார்கள். கடனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தகுதியுள்ள மாணவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. அதோடு அந்தக் காலத்தில் கொடுத்தது வங்கி. அரசு ஜாமீன் மட்டும்தான்.

ஜாமீன் கையெழுத்தின் ருசி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போடுகிற நாளில் பையிலிருந்து ஒரு காசும் போகாது. அதனால் ஜாமீன் நிற்பவர் தாராளப் பிரபு ஆகிவிடுகிறார். அமெரிக்க பட்ஜெட் அப்படித்தான் எழுதப்பட்டது. நூறு டாலர் மானியம் என்றால் இந்த ஆண்டே நூறு செலவு. நூறு டாலர் கடனுக்கு ஜாமீன் என்றால் இந்த ஆண்டுச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாராக்கடன் என்றைக்கோ வரும், அன்றைக்கு வேறு ஆட்சி. இந்த எழுத்துமுறையை மாற்றியது 1990இல் வந்த கடன் சீர்திருத்தச் சட்டம். ஒரு கடனின் ஆயுள்காலச் செலவு முழுவதையும் கொடுக்கும் ஆண்டிலேயே எழுத வேண்டும் என்றது. அதற்குள் பதினெட்டு ஆண்டு ஓடிவிட்டது, கடன் வேர்விட்டுவிட்டது.

மானியத்தைக் குறைத்து மாணவர்களைக் கடனாளி ஆக்குவோம் என்று எந்த ஜனாதிபதியும் திட்டம் போடவில்லை. எந்தக் காங்கிரசும் தீர்மானம் போடவில்லை. மானியத்துக்கு ஓட்டு வேண்டும், கடனுக்கு வேண்டாம் என்ற ஒரே வித்தியாசம் ஐம்பது ஆண்டு வேலை செய்தது. அதிகபட்ச பெல் மானியம் 2023–24இல் 7,395 டாலராக இருந்தது. அரசுக் கல்லூரியில் ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் வராது. ஃபெடரல் கல்விக்கடன் நிலுவையோ 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல். கடனாளிகள் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1978இல் கார்ட்டர் காலத்தில், வருமான வரம்பு இல்லாமல் யாருக்கும் வட்டிச்சலுகைக் கடன் என்று சட்டம் வந்தது. அப்போது மாணவர் கடனுக்கு வட்டி 7 சதவீதம். விலைவாசி ஏறி, வெளியே பணத்துக்கு வட்டி இரட்டை இலக்கத்துக்குப் போனது. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் 7 சதவீதத்தில் வாங்கினார்கள். பிள்ளை படிக்கிறவரை அந்த வட்டியையும் அரசே கட்டியது. அவர்கள் அப்பாக்கள் சொந்தப் பணத்தை எடுக்காமல் அதிக வட்டிக்குப் போட்டுவைத்தார்கள். ஏழைக்கென்று வைத்த பந்தியில் முதல் வரிசையில் யார் உட்காருவார்கள் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1981இல் ரீகன் வந்து, ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கு மேல் இருந்தால் தேவையை நிரூபிக்க வேண்டும் என்று வாசலில் ஆள் போட்டார்.

கடன் கொடுத்தால் வசூல் வேண்டுமே. 1976இல் ஒரு திருத்தம் வந்தது. திருப்பிச் செலுத்தத் தொடங்கி ஐந்தாண்டுக்குள் திவால் மனு கொடுத்தால் கல்விக்கடன் அதில் கழியாது. 1990இல் ஐந்து ஏழானது. 1998இல் கால வரம்பே போனது. தாங்க முடியாத துன்பம் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஒழியக் கல்விக்கடன் மனிதனை விட்டுப் போகாது. சூதாடிக் கிரெடிட் கார்டில் ஏற்றிய கடன் திவாலில் கரைந்துவிடும், நர்சிங் படிக்க வாங்கிய கடன் கரையாது. 2005இல் தனியார் கல்விக்கடனுக்கும் இதே பாதுகாப்பைக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவனுக்குப் பாதுகாப்பு, வாங்கியவனுக்கு அல்ல. ஃபெடரல் கடன் வாராக்கடன் ஆனால் நீதிமன்ற உத்தரவே இல்லாமல் சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்கலாம், வருமான வரியில் திரும்பி வர வேண்டியதை நிறுத்திவைக்கலாம்.

நம் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது, அது முதல்நாளே நமக்குப் பயம் காட்டிவிடுகிறது. அமெரிக்க அரசு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பத்திரம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை, கடன் வரலாறுகூடக் கேட்பதில்லை. ஒரு கையெழுத்து போதும். என் தங்கை மகள் அதைக் கைப்பேசியில் போட்டாள். பஸ்ஸில் போகும்போது போட்டேன் மாமா என்றாள்.

கட்டணத்துக்கு என்ன காவல் என்ற கேள்விக்கு வருகிறேன். 1987 பிப்ரவரியில் ரீகனின் கல்விச் செயலர் வில்லியம் பென்னெட், நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அரசு உதவி ஏற ஏறக் கல்லூரிகள் தைரியமாகக் கட்டணத்தை ஏற்றுகின்றன என்பது அவர் வாதம். உதவியைக் குறைக்க நினைத்தவர் சொன்னதால் கல்லூரிக்காரர்கள் அதைச் சீண்டவில்லை. இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் பொருளாதார அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஏறியதற்கு இன்னொரு காரணம் கண்முன்னே நிற்கிறது. ஒவ்வொரு பொருளாதார மந்தத்திலும் மாநில அரசுகள் தங்கள் பங்கைக் குறைத்தன, கல்லூரி அதை மாணவர் தலையில் வைத்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1976வரை கட்டணமே வாங்கவில்லை, நகரம் திவாலின் விளிம்புக்குப் போனபோதுதான் வாங்கத் தொடங்கியது. ஆனால் லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகள் விஷயத்தில் பென்னெட் பக்கம் சாட்சி பலமாக இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டினும் ஸ்டெஃபனி செல்லினியும் அப்படிப்பட்ட கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் படிப்புக்கு, ஃபெடரல் உதவிக்குத் தகுதிபெற்றவை, தகுதிபெறாதவற்றைவிட முக்கால் பங்கு அளவுக்கு அதிகக் கட்டணம் வாங்கின. 1952இல் பார்த்த அதே சொத்தை. இப்படி லாப நோக்கில் நடந்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015இலும் ஐ.டி.டி. 2016இலும் மூடியபோது, நடுத்தெருவில் நின்ற மாணவர்கள் கையில் பட்டம் இல்லை, கடன் இருந்தது.

வங்கி என்ற இடைத்தரகரை எடுத்துவிட்டு அரசே நேரடியாகக் கொடுக்கட்டும் என்று கிளிண்டன் 1993இல் தொடங்கினார், ஒபாமா 2010இல் முடித்தார். நல்ல காரியம். 2007இல் புஷ் கையெழுத்திட்ட ஒரு சட்டம், பொதுச்சேவையில் பத்தாண்டு, 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி என்றது. பத்தாண்டு முடிந்து முதல் அலையாக விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள். தவறான வகைக் கடன், தவறான தவணைத் திட்டம், தவறான படிவம். பிறகு விதிகளைத் தளர்த்தியதில் 2024க்குள் பத்து லட்சம் பேருக்குத் தள்ளுபடி கிடைத்தது. ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. உயர்கல்விச் சட்டத்தை ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது மரபு. கடைசியாகப் புதுப்பித்தது 2008. அதன் பிறகு நீட்டிப்பு, நீட்டிப்பு.

புதுப்பிக்காத வீட்டில் என்ன ஆகும்? ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பார்கள். கோவிட் வந்தபோது 2020 மார்ச்சில் தவணையை நிறுத்தினார்கள், வட்டி பூஜ்யம். அது மூன்றரை ஆண்டு நீண்டது. பைடன் 2022இல் ஆளுக்குப் பத்தாயிரம், பெல் மானியம் வாங்கியவர்களுக்கு இருபதாயிரம் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். அதற்கு அவர் பிடித்துக்கொண்ட கொம்பு 2003ஆம் ஆண்டுச் சட்டம். ஈராக் போர்க் காலத்தில் போர்வீரர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதை ரத்து செய்தது. தள்ளுபடி நடந்திருந்தால் என் தங்கை மகளுக்கு லாபம், ஆனாலும் தீர்ப்பில் நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். இத்தனை பெரிய தொகையைக் காங்கிரஸ் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? காங்கிரஸ் தீர்மானிக்கவில்லை, அதுதான் துயரம்.

இந்த உதவிகளைக் கேட்கும் விண்ணப்பப் படிவத்தின் கதையும் உண்டு. ஃபாஃப்ஸா. பெயரைக் கேட்டால் ஏதோ பலகாரம் மாதிரி இருக்கும். முன்பு அதில் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். ஏழைக் குடும்பங்கள் அதைப் பார்த்தே பயந்து விலகுகின்றன என்று வெகுநாள் புகார். 2020 டிசம்பர் சட்டம் அதைச் சுருக்கியது, சிலருக்குப் பதினெட்டே கேள்வி. அக்டோபரில் வர வேண்டிய புதுப் படிவம் 2023 டிசம்பர் 30 அன்று வந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் தொடக்கத்தில் அதை முடிக்கவே முடியவில்லை. கல்லூரிகளுக்கு விவரம் போய்ச் சேர மார்ச் ஆனது. யாருக்காகச் சுருக்கினார்களோ அவர்கள்தான் அந்த ஆண்டு அதிகம் அவதிப்பட்டார்கள்.

கடைசியாக 2025 ஜூலை 4. டிரம்ப்பின் பெரிய வரிச்சட்டம். செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது வந்து, துணை ஜனாதிபதியின் ஓட்டில் தேறியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு உயர்கல்வி நிதியில் வந்த பெரிய மாற்றங்கள் இந்த வரிச்சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 2006இலிருந்து முதுநிலை மாணவர்களுக்குக் கல்லூரி சொல்லும் செலவு முழுவதற்கும் கடன் வாங்கும் வசதி இருந்தது. புதிதாக வாங்குபவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் அது இல்லை. பட்டமேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். மருத்துவம், சட்டம் போன்ற 'தொழில்முறை' படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். பெற்றோர் கடனுக்கும் உச்சவரம்பு: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. புதிய தவணைத் திட்டத்தில் வருமானத்துக்கேற்ப ஒன்றிலிருந்து பத்து சதவீதம் கட்டலாம், மாதம் குறைந்தது பத்து டாலர், முப்பது ஆண்டு முடிந்தால்தான் மீதி தள்ளுபடி. எட்டு வாரக் குறுகியகாலப் பயிற்சிக்கும் பெல் மானியம் உண்டு. 1952ஐ நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படித்தேன்.

கடனுக்கு உச்சவரம்பு வைத்தது எனக்குத் தப்பாகப் படவில்லை. அளவில்லாத கடன்தான் அளவில்லாத கட்டணத்துக்குத் தீனி. ஆனால் கடனைக் குறைத்த இடத்தில் மானியத்தை வைக்கவில்லையே. தனியார் வங்கி அங்கே வந்து உட்காரும். அதன் வட்டி, பெற்றோரின் கடன் வரலாற்றைப் பொறுத்தது. கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் மாப்பிள்ளையின் கடன் வரலாறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எது தொழில்முறைப் படிப்பு, எது இல்லை என்பதைக் கல்வித் துறை விதியாக எழுத வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அதற்கான குழு ஒப்புக்கொண்ட வரைவில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தாக்கம், சட்டம், கால்நடை மருத்துவம், மதகுருமார் படிப்பு எல்லாம் இருந்தன. நர்சிங் இல்லை. செவிலியர் சங்கங்கள் கொதித்துப்போயின. அந்த வரைவு வந்த வாரம் ஓஹியோவிலிருந்து போன் வந்தது. என் தங்கை மகள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை, அப்பா மாதிரியே. அவள் பெயரில் இருபதாயிரத்துச் சொச்சம் நிலுவை, அம்மா பெயரில் அதைவிட அதிகம். மேலே படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரமுள்ள வேலை அது.

"மாமா, நீங்க இந்தச் சட்டமெல்லாம் படிக்கிறீங்களே, நான் எந்தப் பட்டியல்ல வர்றேன்? இருபதாயிரத்துலயா, ஐம்பதாயிரத்துலயா?" என்று கேட்டாள்.

இருபதாயிரத்து ஐந்நூறில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்த கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது என்றாள். மேலே என்ன தலைப்புப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். கைப்பேசியைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவார்டு லெட்டர்தான் மாமா."